எஞ்சினுக்கு அடியில் ஒரு முதிரைக் கட்டை

மச்சான்,

இன்று காலையில் உன் மகள் வந்தாள். அவள் படலையைத் திறப்பதற்கு முன்பே பெற்றோலும் ஓயிலும் கலந்த அந்த வாசம் வளவுக்குள் வந்துவிட்டது. கையில் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு சின்னப் பொருள். அவள் பிரிக்கும் முன்பே எனக்குத் தெரியும். உள்ளங்கை நீளம், ஒரு விரல் தடிப்பு, ஒரு ஓரத்தில் நீ அரம் போட்டு உராய்ந்த பள்ளம். படகு எஞ்சினுக்கு அடியில் வைக்க நீ சீவிய முதிரை மரக் கட்டை.

"அப்பாட கொட்டிலுக்குள்ள ஆணியில தொங்கினது மாமா. இத வெச்சா போட் பறக்குமாம். அம்மாதான் வைக்க உடுறா இல்ல. மாமாட்டக் கேட்டுட்டு வை எண்டு சொல்லிட்டா."

நான் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவள் உன் மகள்தானே, அதோடு விடுவாளா?

"மறுகா, பின்னுக்கு இருக்கவும் ஆளில்ல. சித்திரைப் போட் ஓட்டத்துக்கு நீங்க வாறீங்களா?"

யோசிப்போம் என்று சொல்லி அனுப்பினேன். கட்டையை யன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதிலிருந்து நான் வீட்டுக்கும் படலைக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். கிணற்றடிக்குப் போனால் போன காரியம் மறந்துபோகிறது. தேத்தண்ணி ஆறி ஆடை பிடித்துக் கிடக்கிறது. "ஏன்டா குட்டி போட்ட பூனை மாதிரித் திரியிறாய்? ஒரு இடத்தில குந்தன்" என்று அக்கா இரண்டு தரம் ஏசிவிட்டாள். குந்த முடியவில்லை. உன்னோடு கதைத்தால்தான் இது அடங்கும் என்று நினைத்து எழுதத் தொடங்கினேன். எழுதுகிறபோதே எழும்பி எழும்பி நடக்கிறேன்.

இந்தப் படகை நாங்கள் கொண்டுவந்த நாள் உனக்கு ஞாபகமிருக்கும். சண்டை நிறுத்தக் காலம். உன்னிச்சைக் குளத்து வேலைக்கு எப்போதோ வந்த ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர் குளத்தில் ஓட்டி விளையாடிவிட்டு, போகும்போது விட்டுப்போன பந்தயப் படகு. யாரோ ஒரு வயல்காரப் போடியாரின் நெல் கொட்டிலுக்குள் கவிழ்ந்து கிடந்தது. அதற்குள் கோழி அடை வைத்திருந்தார்கள். மெல்லிய பலகையில் செய்த சின்ன உடம்பு. பக்கத்தில் சாக்கு சுற்றி, கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணும் ஒரு பழைய எஞ்சின். நீ வாழைச்சேனைத் துறையில் மீன்பிடி எஞ்சின்களோடு மல்லுக்கட்டிச் சீவித்தவன். நான் கூட்டுறவுச் சங்கக்கடையில் சீனி நிறுத்துக்கொண்டிருந்தவன். எங்கள் இரண்டு பேருக்கும் பந்தயப் படகுக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் நீ சாக்கை அவிழ்த்து எஞ்சினின் பச்சை நிறத்தைப் பார்த்தாய். அதோடு முடிந்தது கதை.

உழவு மெஷின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இயக்கப் பொடியன்கள் மறித்தார்கள். இந்தப் பக்கம் ஆமிக்காரன் மறித்தான். இரண்டு பக்கத்திலும் கேள்வி ஒன்றுதான்: இது எவ்வளவு வேகம் ஓடும்? நீ இரண்டு பேருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னாய். "ஓடுமா எண்டே தெரியாது, ஐயா." இரண்டு பக்கமும் சிரித்துவிட்டு விட்டார்கள். நான் அன்றுதான் நினைத்தேன், இந்த மனுசனோடு எங்கேயும் போகலாம் என்று.

ஓடியது. ஆனால் எப்படி ஓடியது என்று சொல்லாமல் விடலாமா? நாங்கள் வாவிக்காரர், தோணி தெரிந்தவர்கள். தோணிக்கு மீனெண்ணெய் பூசுவது போல அந்தப் பலகை அடிக்கும் நான்கு கை பூசினோம். வெயிலில் காயப் போட்டோம். ஊர்ப் புழுதியெல்லாம் அதில் வந்து ஒட்டிக்கொண்டது. முதல் ஓட்டத்தில் எஞ்சின் கத்துகிறது, படகு எருமை மாதிரிச் சேற்றில் கிடக்கிறது. பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த கிழவர் துடுப்பை எடுத்து எங்களை முந்திப் போனார். "தம்பிமார், கயிறு கட்டி இழுக்கவா?" என்று கேட்டாரே, அதை நீ சாகும் வரைக்கும் மறக்கவில்லை.

பிறகுதான் நீ குனிந்தாய். அடிப்பலகை முழுவதையும் சுரண்டினாய். என் சங்கக்கடை அளவுகோலைத் திருடிக்கொண்டுபோய், கடைசி இரண்டு முழத்தில் கண்ணை வைத்துப் பார்த்தாய். அந்த இடம் கண்ணாடி மாதிரி நேராக இருக்கவேண்டும் என்பாய். உள்வளைவு இருந்தால் படகு மூக்கைக் குத்தும், வெளிவளைவு இருந்தால் தவளை போலத் துள்ளும். பின் விளிம்பு கத்தி மாதிரிக் கூராக இருந்தால்தான் தண்ணீர் விட்டுப்போகும். உருண்டையாக இருந்தால் ஒட்டிக்கொண்டு வரும். தோணிக்கு நாங்கள் உருட்டி மழுக்குவதையெல்லாம் இதற்குக் கூராக்கவேண்டியிருந்தது. "இத்தன காலமும் நாம படிச்சதெல்லாம் இதுக்குத் தலகீழ்டா" என்று நீ சொன்னபோது உன் முகத்தில் வந்த சந்தோசம் இருக்கிறதே, அப்படி ஒரு சந்தோசத்தை நான் உன் கலியாணத்தில்கூடக் காணவில்லை.

அதற்குப் பிறகு எஞ்சின். எஞ்சின் எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அவ்வளவு வேகம். ஒரு விரல் உயர்த்தினால் தண்ணீருக்குள் இழுபடும் இரும்பு குறையும், படகு பறக்கும். ஆனால் உயரம் கூடினால் திரும்பும்போது புரொப்பெல்லர் தண்ணீரை விட்டுக் காற்றைக் குடிக்கும்; எஞ்சின் அலறும், படகு நகராது. வேகம் வேண்டுமென்றால் திருப்பம் போகும், திருப்பம் வேண்டுமென்றால் வேகம் போகும். நாங்கள் இதற்காக எத்தனை பின்னேரம் சண்டை பிடித்திருப்போம்! நான் திருப்பத்தின் பக்கம். நீ எப்போதும் வேகத்தின் பக்கம். அந்தச் சண்டைக்குத் தீர்ப்பாகத்தான் இந்த முதிரைக் கட்டையைச் சீவினாய். இதை எஞ்சினின் பிடிக்கும் பின்பலகைக்கும் நடுவில் வைத்து முடுக்கினால் ஒரு விரல் உயரும்.

"கட்ட வெச்சாலும் கிறுகலாம்டா. ஆனா பின்னுக்குப் பாரம் வேணும். பாரம் பின்னுக்குக் கிடந்தா புரொப்பெல்லர் தண்ணிய உடாது."

"பாரத்துக்கு எங்க போற?"

நீ என்னை மேலும் கீழும் பார்த்தாய். அன்றைக்கு நான் எப்படி இருந்தேன் என்று உனக்குத் தெரியும்தானே. சங்கக்கடைச் சீனியெல்லாம் என் உடம்பில்தான் இருக்கிறது என்று ஊர் சொல்லும். நீயோ ஈர்க்கில். முன்னுக்கு வலப்பக்கம் நீ முழங்காலில் இருந்து சுக்கானைப் பிடிப்பாய். பின்னுக்கு எஞ்சினுக்குக் கிட்ட, இடப்பக்கம் நான். ஷெல் பட்ட இடக்காலை மடக்க முடியாமல் நான் எப்போதும் அந்தப் பக்கம் சரிந்துதான் இருப்பேன். நேராக இரு, நேராக இரு என்று கொஞ்ச நாள் கத்திப் பார்த்தாய். பிறகு கத்துவதை விட்டுவிட்டு, உன் இருப்பை இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளிக்கொண்டாய். நான் கோணல் என்றால் படகு அந்தக் கோணலுக்குச் சரிவந்தது.

சரோ எனக்கு வைத்த பெயர் மண்மூட்டை. நாவலடி வீட்டு வாசலில் நின்று, நாங்கள் படகைத் தள்ளும்போதெல்லாம் உன்னிடம் சொல்வாள், "அண்ண, உங்கட மண்மூட்டையக் கவனமாத் திருப்பிக் கொண்டு வாங்க." என் பெண்சாதி என்னை உன்னிடம் ஒப்படைத்து அனுப்பிய கதை அது. நீ "ஓம் தங்கச்சி, ஈரம் படாமக் கொண்டு வாறன்" என்பாய். ஒரு நாளும் ஈரம் படாமல் வந்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். இரண்டாயிரத்து நாலு மார்கழி, நத்தார் முடிந்த மறுநாள். "மத்தியானத்துக்கு முன்ன வந்துருங்க, ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் உலை வைக்கிறன்" என்றாள். நாங்கள் வலையிறவுப் பக்கம் போனோம். அங்கேதான் ஆளரவமில்லாமல் நீண்ட தண்ணீர். முதல் தடவையாக அன்றைக்குக் கட்டையை வைத்து முடுக்கினாய். நேரே விட்டாய். மச்சான், அந்த ஓட்டம்! அடிப்பலகை தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் தட்டிக்கொண்டு போனது. நான் பின்னுக்கு மல்லாந்தபடி சிரித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு நான் அப்படிச் சிரித்ததில்லை.

பிறகு காற்றில்லாமல் வாவி ஏறியது. கரைக் கண்டல் மரங்களின் வேர் மறைந்தது, பிறகு இலை நனைந்தது. தண்ணீர் முகத்துவாரத்திலிருந்து உள்ளே, தலைகீழாக ஓடி வந்தது. நிறம் மாறி, நுரை கட்டி. நீ உடனே படகின் மூக்கை வீட்டுப் பக்கம் திருப்பினாய். கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட வந்தபோது பாலத்தின் மேல் சனம் ஓடியது. கதவு, கிடுகு, பாய், வலை எல்லாம் எங்களை நோக்கி வந்தன. பாலத்துக்கு அங்கால், கடலோரம் நாவலடி. நான் கத்தினேன், போ போ என்று. எஞ்சின் ஒரு அலறல் அலறியது. அலறல்தான், படகு நின்ற இடத்தில் நின்றது. புரொப்பெல்லர் நுரையையும் காற்றையும் குடித்துக்கொண்டு சும்மா சுற்றியது. நீ எட்டிப் பார்த்தாய். என்னைப் பார்த்து என்னவோ சொன்னாய், எனக்குக் கேட்கவில்லை. பின்னுக்குப் பாய்ந்து முடுக்காணியைக் கழற்றி அந்தக் கட்டையை இழுத்தெடுத்தாய். எஞ்சினை இறக்கி விட்டாய். அதற்குள் ஒரு வலை வந்து புரொப்பெல்லரைச் சுற்றிக்கொண்டது. அதோடு எங்கள் ஓட்டம் முடிந்தது. தண்ணீர் எங்களைத் திருப்பிக் கொண்டுபோய்க் கண்டலுக்குள் சொருகியது.

சரோவைக் கண்டெடுத்ததை நான் எழுத மாட்டேன். நீ என்னோடு நின்றாய், அது போதும்.

பிறகு பள்ளிக்கூடத்து முகாமில், கரும்பலகைக்குக் கீழே சாப்பாட்டுப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு இருந்தபோதுதான் சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை, அதுவாகவே வாயில் வந்தது.

"நீ அந்தக் கட்டைய வெச்சிருக்காட்டி நாம போய்ச் சேந்திருப்பம்."

நீ பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாய், "ஓம்."

அவ்வளவுதான். ஒரு ஓம். நீ சண்டை பிடித்திருக்கலாம். கடல் வந்த பிறகுதான் வாவி ஏறியது, வாவி ஏறியதை நாங்கள் கண்டபோதே நாவலடியில் எல்லாம் முடிந்திருந்தது என்று சொல்லியிருக்கலாம். அது உண்மை. பாலத்தில் நின்றவர்கள், கடலைக் கண்டவர்கள் எல்லாரும் பிறகு அப்படித்தான் சொன்னார்கள். எனக்கும் அது தெரியும். தெரிந்து என்ன? ஆறு மணிக்கு விழித்தால் அந்த அலறல்தான் காதில். ஒரு விரல் மரம், ஒரு விரல் மரம் என்று மனம் அதையே போட்டு அரைத்தது. சும்மா கிடக்கிற மனத்துக்கு அரைக்க ஏதாவது வேண்டுமே.

நான் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. கல்லடிக்குப் போகவேண்டிய காரியங்களை எல்லாம் யாரிடமாவது கொடுத்து விட்டேன். மறுபடி சண்டை மூண்டது, ஷெல் அடித்தார்கள், படுவான்கரைச் சனம் மூட்டை முடிச்சோடு வாவி கடந்து வந்தது. வாவியில் எஞ்சின் படகு விட ஆமி தடை போட்டது. அந்தக் காலம் முழுக்க உன் கொட்டிலுக்குள் படகு கவிழ்ந்து கிடந்தது. ஒரே பக்கமாகக் கிடந்தால் அடி தொய்ந்துவிடும் என்று மாதத்துக்கு ஒரு தடவை அதைத் திருப்பிப் போட்டாயாம். ஊர் எரிகிற நேரத்தில் மனுசன் செய்கிற வேலையைப் பார் என்று நான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் என்னிடம் வருவாய். பாணும் பருப்பும் வாங்கி வருவாய். கதை ஒன்றுமிருக்காது. வந்து எதிரே இருந்து என்னையே பார்ப்பாய், சந்தையில் ஆடு பார்ப்பவன் மாதிரி.

"என்னடா பாக்கிறாய்?"

"ஒண்டுமில்ல. நல்லா மெலிஞ்சு போனாய்."

போகும்போது குசினி வாசலில் அக்காவிடம், "சாப்பிடுறானா அக்கா?" என்று கேட்பாய். எனக்கு அது எரிச்சல். என் சோத்தைக் கேட்க இவன் யார் என்று ஒரு நாள் அக்காவோடு கத்தினேன். உனக்குக் கேட்டிருக்கும். அடுத்த வெள்ளியும் வந்தாய்.

சண்டை முடிந்தது. எல்லாரும் முடிந்தது என்றுதான் சொன்னார்கள். சந்திகளில் ஆமி வைத்திருந்த காவல் சென்றிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். தகரமும் தென்னங்குற்றியும் லொறியில் போயின; மண்மூட்டைகள் மட்டும் கிழிந்தும் கிழியாமலும் தெருவோரம் கிடந்தன. அதில் ஒன்றை நீ சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனதைக் கண்டதாகச் சொன்னார்கள். கடைசி ஆமிக்காரன் கேட்டானாம், "மண் என்னத்துக்கு?" நீ சொன்னாயாம், "போட்டுக்கு." "போட்டுக்கு மண்?" என்று அவன் சிரித்துக்கொண்டு, சைக்கிள் கெரியரில் ஏற்ற ஒரு கை கொடுத்தானாம்.

உலகத்தில் பந்தயப் படகு வைத்திருக்கிறவன் எல்லாம் பாரத்தைக் குறைக்கத் தலையால் நடக்கிறான். ஆணியைக்கூட நிறுத்துப் போடுகிறான். நீ மண் ஏற்றினாய். அதையும் எங்கே வைத்தாய்? பின்னுக்கு, இடப்பக்கம், என் இடத்தில். சரோ எனக்கு வைத்த பெயரை எடுத்து, அவளும் இல்லாத நானும் வராத படகில் கட்டி வைத்தாய் என்றுதான் எனக்குப் பட்டது. குத்திக் காட்டுகிறான் என்று நினைத்தேன். நினைத்து நினைத்துப் பல்லைக் கடித்தேன்.

அடுத்து வந்த சித்திரைக்கு வாவியில் மறுபடி ஓட்டப்போட்டி வைத்தார்கள். காலையில் வந்து படலையில் நின்றாய். "வாறியா?" என்றாய். இல்லை என்றேன். ஆனாலும் கால் நிற்கவில்லை. உனக்குப் பின்னால் கரை வரைக்கும் வந்து சனத்துக்குள் நின்றேன். பொடியன்கள் எல்லாம் புதுப் பிளாஸ்டிக் படகு, புது எஞ்சின். நீ அந்தக் கிழட்டுப் படகில், பின்னுக்கு மண்மூட்டையோடு. கட்டையும் வைக்கவில்லை, எஞ்சின் தாழ்ந்து, தண்ணீரை உழுதுகொண்டு போனது. கடைசியாக வந்தாய். கடைசிக்கும் ஒரு அளவு இருக்கிறது. பரிசு கொடுக்கத் தொடங்கிய பிறகு வந்தாய். "அண்ண, மண் ஏத்தி எங்க வீடு கட்டப் போறீங்க?" என்று ஒருவன் கத்த, கரை முழுக்கச் சிரித்தது. எனக்கு முகம் எரிந்தது. கரைக்கு இறங்கி வந்து கத்தினேன்.

"மூட்டையத் தூக்கி எறிஞ்சிட்டு ஓடினா என்ன? ஓட்டத் தெரியாதவன் மாதிரி எல்லாருக்கும் முன்ன ஏன்டா மானங்கெடுறாய்?"

நீ கயிற்றைச் சுருட்டிக்கொண்டு சொன்னாய், "அதக் கழட்டினா இது வேற போட் ஆகிரும்டா."

அது ஒரு மெக்கானிக்கின் பதில் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த மாரிக்கு நீ இல்லை. பலா மரத்தடியில் காபரேட்டரைக் கழுவிக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்தாயாம். இவ்வளவு ஷெல்லுக்கும் கடலுக்கும் தப்பியவனுக்கு ஒரு பலா மரத்தடி. பாடையின் ஒரு மூலையை நான் தூக்கினேன். நீ பாரமே இல்லை. இப்படி விட்டுப் போனாயே என்ற கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இதுவரை எழுதிவிட்டு வெளியே போனேன். யன்னலில் இருந்த கட்டையையும் எடுத்துக்கொண்டு போனேன். திருப்பிக் கொடுத்துவிட்டு, வேறு ஆளைப் பார் புள்ள என்று சொல்லிவிட்டு வருவதாகத்தான் போனேன். இப்போது பின்னேரம். போய் வந்துதான் மிச்சத்தை எழுதுகிறேன். கை இன்னும் ஈரம், பெற்றோல் வாசம் போகவில்லை.

உன் வீட்டுக் கொட்டிலில் படகு இரண்டு குற்றியில் நிமிர்ந்து இருந்தது. மண்மூட்டை அதே இடத்தில், கயிற்றுக் கட்டோடு. பக்கத்தில் ஒரு தேங்காய்ச் சிரட்டை. நான் கயிற்றைத் தொட்டேன். உன் பெண்சாதி குசினிக்குள்ளிருந்து ஈரக்கையோடு வந்தாள்.

"சிரட்டைய எறிஞ்சிராதீங்க அண்ண. அது அவர்ட அளவுச் சிரட்ட."

"என்ன அளவு?"

"உங்களப் பாத்துட்டு வந்தா முதல் வேல மண்ணள்ளுறதுதான். இண்டைக்கு இன்னும் மெலிஞ்சிட்டான் எண்டு சொல்லி மூட்டையில இருந்து ஒரு சிரட்ட எடுப்பார். ஒருக்கா உங்களுக்குக் கொஞ்சம் தசை வெச்சிட்டு எண்டு நாலு சிரட்ட போட்டுட்டு, அண்டைக்கு எனக்குச் சேலையும் எடுத்துத் தந்தவர். அவன் வந்து குந்தக்குள்ள போட் மாறியிருக்கப்படாது எண்டு சொல்லுவார்."

அவள் சொல்லிவிட்டு உலைக்குப் போய்விட்டாள். நான் சிரட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பிறகு உன் மகளைக் கூப்பிட்டேன். மூட்டையை அவிழ்த்து, பலா மரத்தடியில் கொட்டினேன். கட்டையை அவளிடம் நீட்டினேன்.

"வெச்சு முடுக்கு. பாப்பம்."

படகை வாவிக்குத் தள்ளி இறக்கினோம். அவள் உன்னை மாதிரியே ஈர்க்கில். முன்னுக்கு வலப்பக்கம் முழங்காலில் இருந்தாள். நான் பின்னுக்கு, என் கோணலோடு, என் மடங்காத காலோடு. மச்சான், அந்த இடம் எனக்கென்று வெட்டி வைத்தது போல் இருந்தது. இத்தனை வருசத்துக்குப் பிறகு ஏறுகிறேன், படகு ஒரு பக்கமும் சரியவில்லை. கயிற்றை இழுத்தாள். நேரே விட்டாள். அதே தட்டல், அதே பறப்பு. எனக்குள்ளே ஏதோ சிரிக்கத்தான் பார்த்தது.

கல்லடிப் பாலம் கண்ணில் பட்டபோது அவள் திருப்பினாள். எனக்குப் பயம் பிடித்தது. என்ன செய்கிறேன் என்று தெரியாமலே எழும்பி, முன்னுக்கு, அணியத்துக்கு ஊர்ந்தேன். தோணிக்காரன் புத்தி, தண்ணீரில் சந்தேகம் வந்தால் முன்னுக்குப் போய் எட்டிப் பார்ப்பான். அந்த நேரம் எஞ்சின் அலறியது.

அந்த அலறலை எனக்குத் தெரியும். ஒவ்வொரு விடியலிலும் கேட்ட அலறல். படகு நின்ற இடத்தில் நின்றது.

"மாமா, பின்னுக்குப் போங்க! பின்னுக்கு!"

ஊர்ந்து பின்னுக்கு வந்தேன். வந்து குந்திய உடனே புரொப்பெல்லர் தண்ணீரைப் பிடித்தது, படகு வளைந்து கிறுகியது. அவள் வேகத்தைக் குறைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"கட்ட வெச்சா பின்னுக்கு இருக்கிற ஆள் அசையப்படாது மாமா. முன்னுக்கு வந்தாக் காத்தக் குடிக்கும். அப்பா சொன்னவர்."

"எப்ப சொன்னவர்?"

"சுனாமிக்கு மறுகா. ஏன் கட்ட வைக்கிறதில்ல எண்டு நான் கேட்டன். பின்னுக்கு ஆள் வந்தா வைப்பம் எண்டாரு. வேறொண்டும் சொல்லல்ல."

அன்றைக்குப் பாலத்தடியில் நான் எங்கே இருந்தேன்? இப்போது கண்ணை மூடினால் தெளிவாகத் தெரிகிறது. உனக்கு முன்னால். அணியத்தில் நெஞ்சை வைத்துக்கொண்டு நாவலடியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன். நீ என்னைப் பார்த்து எதையோ சொன்னாயே, எனக்குக் கேட்காமல் போனதே, அது என்னவென்று இன்றைக்குத்தான் கேட்டது. பின்னுக்குப் போடா.

அட பாவி! உனக்குத் தெரிந்திருக்கிறது. முகாமில் நான் கட்டையைச் சொன்னபோது உனக்குத் தெரிந்திருக்கிறது. நீ முன்னுக்குப் போனதால்தான்டா என்று ஒரு சொல் சொன்னால் முடிந்திருக்கும். அந்தச் சொல்லோடு நானும் முடிந்திருப்பேன். அதுவும் உனக்குத் தெரிந்திருக்கிறது. கட்டையும் காரணமில்லை, நானும் காரணமில்லை, கடல் எங்களுக்கு முந்திப் போய்விட்டது. ஆனால் அன்றைக்கு எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. நீ உன் கட்டையைத் தூக்கி எனக்குத் தந்துவிட்டு, ஓம் என்றாய். பிறகு அதை ஆணியில் தொங்கவிட்டுவிட்டு, கரை முழுக்கச் சிரிக்கக் கடைசியாக வந்தாய். ஒரு சிரட்டை மண்ணைக் கூட்டியும் குறைத்தும் எனக்காக இடம் பிடித்து வைத்திருந்தாய். உன்னைப் பிடித்து உலுப்பவேண்டும் போல இருக்கிறது. உன்னைக் கட்டிப்பிடித்து அழவேண்டும் போலவும் இருக்கிறது. இரண்டுக்கும் நீ இல்லை.

எழுதிக்கொண்டிருக்க இருட்டிவிட்டது, இரவுச் சோத்துக்கு அக்கா கூப்பிட்டாள். வழக்கமாக ஒரு அகப்பையோடு கையைக் கழுவுகிறவன், இன்றைக்கு இன்னொரு அகப்பை கேட்டேன். அவள் பயந்துபோய் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. சித்திரைக்கு இன்னும் நாள் கிடக்கிறது. சிரட்டை சிரட்டையாக நீ எடுத்த மண்ணையெல்லாம் அதற்குள் திருப்பி என் உடம்பில் ஏற்றவேண்டும்.

கட்டை எஞ்சினுக்கு அடியில்தான் இருக்கிறது, கழற்றவில்லை. ஓட்டத்தன்று உன் மகள் முன்னுக்கு இருப்பாள். பாலம் வந்தாலும், தண்ணீர் எப்படி வந்தாலும், நான் பின்னுக்குத்தான் இருப்பேன் மச்சான். அசைய மாட்டேன்.